அறுபத்து நான்காம் பக்கம் பார்க்க

'விவரத்துக்குப் பக்கம் இத்தனை பார்க்க' என்று எழுதுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு திரும்பி வருவதற்கென்று ஒரு ஜென்மம் வேண்டும், கள்ளக்குறிச்சியில் அந்த ஜென்மம் நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடியில் ராஜமாணிக்கம் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் அடித்துப் பழகுவார்கள். நடுப்பகலில் மெஷின்கள் சும்மா இருக்கக் கூடாதென்று சார் வெளி வேலை எடுப்பார். மனு, பத்திரம் மாதிரிச் சின்ன வேலையெல்லாம் கனகா அடிப்பாள். இன்ஜினியர்களும் கான்ட்ராக்டர்களும் கொண்டுவரும் தடிதடியான அறிக்கைகள் என் தலையில் விழும். அடிப்பதுகூடப் பெரிதில்லை. இருநூறு பக்கத்தில் யாராவது நடுவில் ஒரே ஒரு பக்கத்தைச் செருகுவார். அவ்வளவுதான், அதற்கப்புறம் வரும் 'பார்க்க' எல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விடும். அவற்றைத் தேடிப் பிடித்துச் சொந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை.

இதே வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் பஸ் டிக்கெட் நம்பரைக்கூட இரண்டு தடவை பார்க்கிற வியாதி இருக்கும். உங்களுக்கும் ராத்திரி படுத்த பிறகு, அட்டவணை ஐந்தா ஆறா என்று நெஞ்சு படபடக்கும். வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

எட்டு இல்லாத டெண்டர்

குடிதண்ணீர்க் குழாய் போடும் கான்ட்ராக்டர் ஒருவர் டெண்டர் அடிக்கக் கொடுத்தார். முழுசாக அடித்து, ஒப்பிட்டு, கட்டி வைத்த பிறகு வந்து புரட்டிப் பார்த்தார். எட்டாவது அத்தியாயம் வந்ததும் கரண்ட் அடித்தவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார். எட்டு அவருக்கு ஆகாதாம். எட்டை ஏழு-அ என்று மாற்றச் சொன்னார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். சார் கனகாவைக் கூப்பிட்டு, "எட்டு வர்ற எடமெல்லாம் ஏழு-அ போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கனகா சொன்னதைச் செய்கிற பெண். மறுநாள் டெண்டரைத் திரும்பக் கட்டும் முன் எனக்கு மனசு கேட்காமல் ஒரு தடவை புரட்டினேன். குழாயின் விட்டம் ஏழு-அ அங்குலம். தண்ணீரின் அழுத்தம் ஏழு-அ கிலோ. வேலை முடிக்கும் காலம் ஏழு-அ மாதம். டெண்டர் போட இன்னும் அரை நாள்தான் இருந்தது. மூல காப்பியிலும் கார்பன் காப்பிகளிலும் சுரண்டிச் சுரண்டித் திருத்தினேன், பேப்பர் ஓட்டையாகிவிடுமோ என்ற பயம் வேறு. எல்லாம் முடித்துக் கையில் கொடுத்தபோது கான்ட்ராக்டர் ஒரு வரியில் விரலை வைத்தார். 'ஏழு-அ மாதம்' தப்பி நின்றிருந்தது. நான் பதறிப்போய் பிளேடை எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"அத்த வுட்டுடும்மா. எட்டு மாசம்னு போட்டா, லேட்டா முடிச்சேன்னு நோட்டீஸ் வுடுவானுங்க. ஏழு-அ மாசம் எப்போ முடியும்னு எவனுக்கும் தெரியாது."

கீழேயிருந்து மூன்று, மேலேயிருந்து மூன்று

அடிவாரத்திலிருந்து கரியாலூர் போகிற மலைப்பாதையை அகலப்படுத்த ஒரு அறிக்கை வந்தது. இரண்டு தொகுதி. முதல் தொகுதி எழுதியவர் கள்ளக்குறிச்சி ஓவர்சியர். இரண்டாவதை எழுதியவர் சர்வேயர் லட்சுமணன், மலையிலேயே பிறந்தவர். முதல் தொகுதியில், 'மூன்றாம் கொண்டை ஊசி வளைவில் பாறை சரிகிறது, தடுப்புச் சுவர் விவரத்துக்குத் தொகுதி இரண்டு, மூன்றாம் வளைவு பார்க்க' என்று இருந்தது. போய்ப் பார்த்தேன். 'மூன்றாம் வளைவில் ஆபத்து ஒன்றுமில்லை, ஒரு பலாமரம் உள்ளது, சுவர் தேவையில்லை' என்று இருந்தது.

பாறை சரிகிற இடத்தில் பலாமரம் என்று நினைத்துச் சுவர் கட்டாமல் விட்டால், அந்த வழியாகப் போகிற பஸ் என்ன ஆகும்? சாரை நச்சரித்து, ஓவர்சியரின் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பாதி வழியில் வாந்தியும் எடுத்தேன். பாறை சரிகிற இடம் மூன்றில்தான் இருந்தது. பலாமரமும் மூன்றில்தான் இருந்தது. ஓவர்சியர் கீழேயிருந்து எண்ணியிருக்கிறார், லட்சுமணன் கரியாலூரிலிருந்து எண்ணியிருக்கிறார். ரோட்டோரக் கடையில் டீயை வைத்துக்கொண்டு, எல்லா வளைவையும் அடிவாரத்திலிருந்தே எண்ணுவது என்று ஓவர்சியர் முடிவு சொன்னார். மலையிலிருந்து இறங்கி வந்திருந்த லட்சுமணன் மறுக்கவில்லை. கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடும்போது என்னிடம் சொன்னார்:

"நீங்க எப்டி வேணா எழுதிக்கங்க. நான் வூட்டுலேர்ந்து பொறப்படறவன், எனக்கு ஒண்ணு அங்கதான் ஆரம்பிக்கும்."

தம்பியின் பாய்லர்

இனிச் சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. தியாகதுருகம் தாண்டி ஒரு சர்க்கரை ஆலை. அந்த ஆலையின் பாய்லரை ஓட்டுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாரித்தார்கள். ஆலையின் ஸ்டோர்ஸ் மேனேஜர் அதை எங்களிடம் கொடுத்தார். ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளில் அடித்து, மை உருட்டிப் பிரதி எடுக்க வேண்டும். பக்கங்களின் வரிசை மாறிக்கொண்டே இருந்ததால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். 'பக்கம் ____ பார்க்க' என்று இடம் விட்டு அடித்துக்கொண்டு போவேன். வரிசை முடிவான பிறகு ஒவ்வொரு இடத்திலும் எண்ணை நிரப்புவேன். தாளின் தலையில் பக்க எண்ணை மட்டும் பைண்டர் காதர் பாய் கடைசியில் நம்பர் மெஷினால் குத்துவார். அப்படித்தான் முடித்தேன். தலை முதல் கால் வரை மூன்று முறை சரிபார்த்தேன்.

தாள்கள் பைண்டிங்குக்குப் போய் ஒரு மாதத்தில் என் தம்பி குமரேசனுக்கு அதே ஆலையில், அதே பாய்லரில் உதவி ஆளாக வேலை கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் என் டம்ளரைத் தொடவில்லை. குமரேசனை உங்களுக்குத் தெரியாது. அவன் எழுத்தில் இருப்பதை அப்படியே செய்கிற ஆள். இருமல் மருந்துப் பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்ததால், குடித்துவிட்டு வந்த பிறகும் குலுக்கிக்கொண்டு நின்றவன். அந்தக் கையேட்டில் அறுபத்து நான்காம் பக்கம் என்ன சொல்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரியும். தண்ணீர் கண்ணாடியில் தெரியாமல் போய்விட்டால் உள்ளே வெறும் இரும்பு பழுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீர் விடவே கூடாது, எரிக்கிற கரும்புச் சக்கையைப் போடுவதை நிறுத்தி, நெருப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் விட்டால் பாய்லர் வெடிக்கும். இதைத்தான் அறுபத்து நான்கு சொல்கிறது.

வேலைக்குக் கிளம்பும் நாளில் அவனை வாசலில் நிறுத்தி, சந்தேகம் வந்தால் பெரியவர்களைக் கேளுடா என்றேன். அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்:

"அவங்கள எதுக்குக்கா கேக்கணும்? அதான் நீ அடிச்ச புக்கு வரப்போவுதே."

மரம் எண் பதினேழு

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் என்று இரண்டு டைப்ரைட்டிங் பரீட்சையும் பாஸ் செய்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டுப்பட்டு ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தன. பஸ் நின்றது. திருநாவலூரிலிருந்து தினமும் வருகிற கனகா வரவில்லை. போன் லைன் செத்துப்போனது. பால்காரர் சொல்வதுதான் செய்தி.

அந்த நேரத்திலும் ஒரு வேலை வந்தது. வாய்க்கால் வெட்டுவதற்கான அளவுக் குறிப்பு. சாலையோர மரங்களில் வெள்ளை பெயின்ட்டால் எண் எழுதியிருக்கும் அல்லவா, அதை வைத்து அளந்திருந்தார்கள். 'மரம் எண் பதினேழிலிருந்து கிழக்கே' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். பதினேழு இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் எப்படி அடிக்க முடியும்? சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பதினாறு நின்றது. பதினெட்டு நின்றது. பதினேழு ரோட்டுக்குக் குறுக்கே, எண் வானத்தைப் பார்க்கப் படுத்திருந்தது. அதன் மேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேயடித்தவள் மாதிரி திரும்பி வந்து, அளவு எடுத்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"மரந்தானேம்மா வுழுந்துது, நம்பரு அழியலையே? அப்டியே அடி."

ஒன்றாம் பக்கத்தில் பிள்ளையார்

போராட்டம் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வேறு ஒரு கட்டு வாங்குவதற்காகக் காதர் பாய் கடைக்குப் போனேன். அவர் கடையில் பசை வாசனையில் எனக்கு எப்போதும் கொஞ்சம் நிம்மதி வரும். மேஜையில் பாய்லர் கையேட்டின் பிரதி ஒன்று, அட்டை கோணலாகப் போனதால் ஒதுக்கி வைத்தது, கிடந்தது. சும்மா திறந்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் இருந்தார். நான் அடித்தது 'முன்னுரை'. பிள்ளையாரை நான் அடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஆலைத் தலைவரின் போட்டோ இருந்தது. அதையும் நான் அடிக்கவில்லை.

பிள்ளையாரின் தலைக்கு மேல், நம்பர் மெஷினால் அழகாக ஒன்று என்று குத்தியிருந்தது. தலைவருக்கு இரண்டு. என் முன்னுரைக்கு மூன்று. மேலே புரட்டினேன். தண்ணீர் தெரியாவிட்டால் பக்கம் அறுபத்து நான்கு பார்க்க என்று நான் அடித்தது அப்படியே இருந்தது. ஆனால் அறுபத்து நான்காகக் குத்தியிருந்த தாள், என் கணக்கில் அறுபத்திரண்டு. அது பாய்லரைக் காலையில் தொடங்குகிற பக்கம். 'தண்ணீர் வால்வை மெதுவாகத் திறந்து, உள்ளே தண்ணீர் விடவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான்தான் கொட்டை எழுத்தில் அடித்திருந்தேன்.

புத்தகமெல்லாம் எங்கே பாய் என்று கேட்டேன். ரோடு மறிக்கிறதுக்கு முந்தின நாளே மேனேஜர் ஜீப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பாய்லருக்குப் பூஜை போட்டு நெருப்பு மூட்டப்போவதாகச் சொன்னாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதர் பாய் எழுந்தே விட்டார்.

"மேனேஜருதாம்மா படத்த குடுத்து மொதல்ல வெக்கச் சொன்னாரு. உங்க சாமிக்கு நம்பரு போடாம வுட்டா நல்லாருக்குமா?"

இரண்டைக் கூட்டிக்கொள்க

ராஜமாணிக்கம் சாரிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிஷத்தில் வழி சொன்னார். ஒரு சீட்டில், 'இந்த நூலில் வரும் எண்களோடு இரண்டைக் கூட்டிக்கொள்க' என்று அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். வேறு யாருக்காவது என்றால் போதும். குமரேசன் எல்லா எண்ணோடும் இரண்டைக் கூட்டுவான். நீராவியின் அழுத்தத்தோடும் கூட்டுவான். அதனால் ஒவ்வொரு 'பார்க்க'வுக்கும் சரியான எண்ணைத் தனித்தனித் துண்டாக அடித்தேன், பழைய எண்ணின் மேல் ஒட்டுவதற்கு. அடிக்கும்போதே அழுகை வந்தது. விரல் வழுக்கி எண்ணைத் தப்பாக அடித்துவிடுவேனோ என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன்.

துண்டுகளை ஒரு கவரில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பசை டப்பாவையும் காதர் பாய் கடையில் கிடந்த பிரதியையும் பையில் போட்டேன். அப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார், அம்மாவிடம் சொன்னால் விடமாட்டாள். சொல்லாமல் கிளம்பினேன். தடுப்பார் என்று நினைத்த சார், சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"நெதானமா போம்மா. ஆனா சீக்கிரம் போ."

எந்த ஏழுமலை?

முதல் தடை ஊர் எல்லையிலேயே இருந்தது. புளியமரம், அதற்குப் பின்னால் பாறாங்கல், அதற்குப் பின்னால் ஆட்கள். என்னைக் கண்டதும் ஒருவர் கை காட்டினார். சைக்கிளை நிறுத்தினேன். கவரை எடுத்து நீட்டினேன். நெட்டையாக ஒரு ஆள் வாங்கித் துண்டுகளைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, லாட்டரி சீட்டா?"

நான் சொன்னேன். பாய்லர், தம்பி, பிள்ளையார், அறுபத்து நான்கு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். எனக்கே நான் பேசியது விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. அவன் ஹையர் பாஸ் செய்தவனாம், ஸ்டென்சில் அடித்தவனாம். வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டதாம்.

"நம்பரு மெஷின பைண்டர் கையில குடுத்தா இப்டித்தான் ஆவும்," என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இந்த அக்காவ வுடுங்கடா, ஆலையில ஆளுங்க செத்துடுவாங்க," என்று கத்தினான். இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "அடுத்த மரத்தாண்ட போயி, ஏழுமலை அனுப்பிச்சான்னு சொல்லுக்கா. வுட்டுடுவாங்க," என்று சொல்லி அனுப்பினான்.

அடுத்த மரத்தில் போய் அப்படியே சொன்னேன். அங்கே இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எந்த ஏழுமலை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நெட்டையாக இருந்தான் என்றேன். நெட்டையிலேயே இரண்டு ஏழுமலை உண்டு என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார். ஒருத்தன் நம் ஆள், இன்னொருத்தன் சண்டைக்காரன் என்று இன்னொருத்தர் சொன்னார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்றேன். பிழைப்பெல்லாம் 'பார்க்க'வைச் சரிபார்ப்பதாகப் போக, உயிர் போகிற நேரத்தில் சரிபார்க்காத ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அங்கேயே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியோடு எழுந்து வந்தார்.

"எந்த ஏழுமலையா இருந்தா இன்னாய்யா? பொண்ணு அழுதுகினு கீது, வழிய வுடுங்க."

புகை இல்லாத குழாய்

தியாகதுருகத்துக் கோட்டை மலை கண்ணில் பட்டு, பின்னால் போய், ஆலையின் புகைக்கூண்டு தெரிந்தது. அதில் புகை இல்லை. நெருப்பு மூட்டி நாளாகியிருக்க வேண்டும், புகை வந்தாக வேண்டும். நான் மிதித்தேனா, சைக்கிள் தானே போனதா, தெரியாது. வாயில் ஏதோ ஒரு சாமி பேர் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளையார் பேர் மட்டும் வரவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். பாய்லர் என்றேன். நேற்றே நின்றுவிட்டது என்றார். குமரேசன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அவனே வந்தான். கையும் காலும் முகமும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கழுத்தில் வாடிப்போன சாமந்தி மாலை வேறு. எனக்கு அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் மாலையைப் பிடித்து இழுத்தேன், பூ உதிர்ந்தது.

மேனேஜர் எங்களை ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். ரோடு மறித்ததால் பழைய ஆட்கள் யாரும் வேலைக்கு வர முடியவில்லை. உள்ளே தங்கியிருந்த புதுசுகள்தான் பாய்லரில். முந்தின நாள் மத்தியானம் தண்ணீர் பம்ப் சத்தமில்லாமல் நின்றுபோனது. கண்ணாடியில் தண்ணீர் காணோம். கூட இருந்தவன் ஓடிவிட்டான். குமரேசன் மட்டும் புத்தகத்தை எடுத்துப் படித்தான். படித்துவிட்டுச் சக்கையை நிறுத்தினான், நெருப்பை அணைத்தான், தண்ணீர் வால்வுகளை இறுக்கி மூடினான். பிறகு ஆலைக் குவார்ட்டர்ஸில் இருந்த இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆலையே இருந்திருக்காது என்றாராம். அதற்குத்தான் மாலை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அறுபத்து நான்கைப் பார்த்தவன் எப்படித் தண்ணீர் விடாமல் இருந்தான்? மேஜையில் இருந்த புத்தகத்தைத் திறந்தேன். அறுபத்து நான்கில், தண்ணீர் வால்வைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வரி: 'திறக்கும் முன் கண்ணாடிக் குழாயைச் சோதிக்கும் முறைக்குப் பக்கம் முப்பத்தொன்று பார்க்க.' முப்பத்தொன்றுக்குப் போனேன். பிள்ளையாரும் தலைவரும் முன்னால் வந்து உட்கார்ந்ததால் அதுவும் இரண்டு தள்ளிப்போயிருந்தது. அங்கே கண்ணாடிக் குழாய் இல்லை. கரும்பு அரவை முடிந்து ஆலையை மூடுகிற பக்கம் இருந்தது. 'சக்கையை நிறுத்தவும், நெருப்பை அணைக்கவும், வால்வுகளை மூடவும், தானாக ஆற விடவும்.' தப்பான பக்கத்துக்குப் போய், அங்கேயிருந்து இன்னொரு தப்பான பக்கத்துக்குப் போய், என் தம்பி சரியான காரியத்தைச் செய்திருக்கிறான்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கவரை எடுத்து வைத்தேன். எல்லாப் பிரதியிலும் இந்தத் துண்டுகளை இப்போதே ஒட்ட வேண்டும் என்றேன். அவர் பிள்ளையார் பக்கத்தைத் திறந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் புத்தகத்தை என் பக்கம் தள்ளாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவரே பாத்து நம்பரு போட்டுக் குடுத்திருக்காரும்மா. நல்லா வேலை செய்யிற புக்க எதுக்குத் திருத்தறே?"

பசை

என் வாழ்க்கையில் ஒரு கஸ்டமரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அழுகையும் கோபமுமாக என்ன சொன்னேன் என்று நினைவில்லை, மேனேஜர் புத்தகங்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தரையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன். குமரேசன் எதிரில் உட்கார்ந்து துண்டுகளுக்குப் பசை தடவிக் கொடுத்தான். அவன் கழுத்தில் இன்னும் அந்த மாலை.

அறுபத்து நான்கு வந்தது. முப்பத்தொன்றின் மேல் முப்பத்து மூன்றை வைத்து அழுத்தினேன். அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பசை டப்பாவைக் கீழே வைத்தான். எல்லோரும் மாலை போட்டபோது சிரித்துக்கொண்டு நின்றானாம், இப்போது மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"வால்வு மேல கைய வெச்சுட்டேன்க்கா. 'பார்க்க'ன்னு போட்டு இருந்துச்சு, சரி, பாத்துட்டு வந்து தொறக்கலாம்னு கைய எடுத்தேன்."

இரண்டு தப்பு சேர்ந்து என் தம்பியைத் திருப்பிக் கொடுத்ததற்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று, ஆனால் இன்றைக்கும் என் கைக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அவர் எத்தனையாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் அடுத்த தாளைத் தொடுவதில்லை.